கிணற்றுத் தண்ணீரும் இரண்டு சான்றிதழ்களும்

"நேரில் கண்டவை: எதுவுமில்லை. பிறர் சொன்னவை: தனித்தாளில் இணைத்துள்ளேன்."

1962 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட ஒரு மருத்துவச் சான்றிதழில் அரசு டாக்டர் தன் கையால் நிரப்பிய இரண்டு இடங்கள் இவை. மூலம் ஆங்கிலத்தில் இருந்தது. அன்று மாலையே தமிழில் என் நோட்டில் எழுதிவைத்தேன். சான்றிதழ் பின்னால் எதற்கும் உதவாத தாளாகி எங்கோ போய்விட்டது. அதைப் படித்தபோது வந்த எரிச்சல் மட்டும் நகல் எடுக்காமலே இன்றுவரை பத்திரமாக இருக்கிறது.

அந்தத் தாள் என் பெரியப்பா மகனைப் பற்றியது. எனக்கு ஆறு வயது மூத்தவர். நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். அவிநாசிக்கு வடக்கே நான்கு மைலில் அவர்கள் தோட்டம். பெரியப்பா, அண்ணன், அண்ணன் மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை, இவ்வளவுதான் வீடு. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் இருந்தேன். ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவது வேலை. அந்தப் பழக்கத்தில் குடும்பத்தில் நடப்பதையும் தேதி போட்டு எழுதிவைப்பேன். அதனால் இதில் வரும் தேதிகளை நம்பலாம். மற்றவற்றை என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

ஆகஸ்டிலேயே அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. செப்டம்பர் 16ஆம் தேதி தோட்டத்துக் கிணற்றின் மேல் வேலா முள்ளை வெட்டிப் போட்டு மூடினார். கிணறு பொதுக் கிணறு. பாதிப் பங்கு பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிக்கு. அவரும் எங்களுக்குத் தாயாதிதான், என் கொள்ளுத்தாத்தாவும் அவர் கொள்ளுத்தாத்தாவும் ஒருவரே. அப்போதுதான் எங்கள் பக்கம் பருத்திக்குப் பூச்சி மருந்தடிப்பது பரவிக்கொண்டிருந்தது. பங்காளி மருந்தடித்த மிஷினைக் கிணற்றடித் தொட்டியில் கழுவினார், அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது, இனி அதைக் குடித்தால் வீட்டோடு சாவு. இது அண்ணன் சொன்னது.

முதல் வாரம் இதை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை, பங்காளிச் சண்டை என்றார்கள். இரண்டாவது வாரம் விஷம் அரிசிக்குள் போயிற்று. பிறகு பாலுக்குள். செப்டம்பர் கடைசியில், நங்கையாவே பங்காளியோடு சேர்ந்துகொண்டு சோற்றில் கலக்கிறாள் என்று சொன்னார். காக்காய் கத்தினால் அது தனக்கு வந்த எச்சரிக்கை என்றார். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் காவல் உட்கார்ந்தார். வீட்டார் குடிக்க அவர் அனுமதித்தது இரண்டே: தென்னை மரத்து இளநீர், மழை பெய்து நின்ற குட்டைத் தண்ணீர். குட்டையில் மாடும் குளித்தது. அக்டோபர் பிறந்ததும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. விடியற்காலையில் அண்ணன் கண் அசரும் கால் மணி நேரத்தில் நங்கையா முள்ளை விலக்கி ஒரு குடம் இறைத்து ஒளித்துவைப்பார். ஒரு நாள் அண்ணன் அதைக் கண்டுபிடித்துக் குடத்தை உடைத்தார். அடுத்த முறை உடையப்போவது குடமாக இருக்காது என்று எனக்குப் பட்டது.

சொந்தக்காரர்களின் யோசனைகளை எழுத உட்கார்ந்தால் கை வலிக்கும். கோயில் மண்டபத்தில் சங்கிலி போட்டு நாற்பத்தெட்டு நாள் வைக்கலாம் என்றார் ஒருவர். இன்னொரு கல்யாணம் செய்துவைத்தால் தெளியும் என்றார் இன்னொருவர், அதுவும் நங்கையாவின் காதுபடவே. பட்டணத்து மனநோய் ஆஸ்பத்திரி என்று நான் வாயைத் திறந்ததும் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள்: நாளைக்குக் குழந்தைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? குழந்தைக்கு நான்கு வயது. அது பிழைத்துக் கிடந்தால்தானே பெண் கேட்டு வர என்று நான் சொன்னதற்குப் பெரியப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எனக்கு வக்கீல் நண்பர் ஒருவர் இருந்தார். அவர் அலமாரியிலிருந்த சட்டப் புத்தகத்தை ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்தேன். விருப்பமில்லாத ஒருவரை மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். கணவனோ மனைவியோ மற்ற உறவினரோ மனு கொடுக்க வேண்டும். இரண்டு டாக்டர்களின் சான்று வேண்டும், அதில் ஒருவர் அரசு டாக்டர். படித்தபோது நியாயமாகத்தான் தோன்றியது. ஆளைப் பிடித்துப் பூட்டுவது அவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாதுதான். மூன்று வாரம் நடந்து பார்த்த பிறகு, பூட்டக் கூடாத ஆளைப் பூட்டுவதுதான் சுலபம் என்று தோன்றிவிட்டது.

அக்டோபர் 5ஆம் தேதி அவிநாசியிலிருந்த தனியார் டாக்டர், அண்ணனை முன்பே தெரிந்தவர், சான்று கொடுத்தார். 7ஆம் தேதி அரசு டாக்டரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போக ஏற்பாடு. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், மாற்றலாகி வந்து எட்டு மாதம். வருகிறார் என்று பெரியப்பாவுக்கு முதல் நாளே சொல்லியனுப்பினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

காலை பதினொரு மணிக்கு டாக்டரோடு போய் இறங்கினேன். கிணற்று மேல் ஒரு முள் இல்லை. வாசல் சாணி தெளித்துக் கூட்டியிருந்தது. நாவிதரை வரவழைத்து அண்ணனுக்குச் சவரம் செய்து, குளிப்பாட்டி, கல்யாணத்துக்குக் கட்டும் சரிகை வேட்டியைக் கட்டிவிட்டிருந்தார்கள். எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள் என்று கேட்டேன். பக்கத்து ஊரிலிருந்து வண்டியில் இரண்டு பானை கொண்டுவந்தார்களாம். அரிவாள் கூரை எரவாணத்தில் ஏறியிருந்தது. மூன்று வாரமாக நாங்கள் அஞ்சிக்கொண்டிருந்ததற்கான ஒவ்வொரு தடயத்தையும் எங்கள் கையாலேயே துடைத்துவைத்திருந்தோம்.

அண்ணன் எழுந்து வந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல ஒரு எளநி குடிங்க, அப்பறம் பேசலாமுங்க."

தானே காயைப் பொறுக்கி, தானே சீவிக் கொடுத்தார். டாக்டர் குடித்தார். எங்கள் ஊரில் வாசலுக்கு வந்த மனிதரிடம் வீட்டுக் கஷ்டத்தைப் பேசமாட்டார்கள். நோயாளியும் பேசமாட்டார் என்பதை நான் யோசிக்கவில்லை. டாக்டர் என்ன கேட்டாலும் ஓர் 'ங்க' போட்டுப் பதில் வந்தது. தூக்கமா? வயசாகுதல்லங்க. யார் மேலாவது சந்தேகமா? எல்லாம் நம்ம சனமுங்க. இந்த வருஷம் மழை, பருத்தி விலை, டாக்டர் ஊரில் நெல் எப்படி என்று அண்ணன்தான் டாக்டரை விசாரித்தார். மதியம் அண்ணன் சாப்பாட்டைத் தொடாததை டாக்டர் கவனிக்கவில்லை. வந்தவருக்குப் பரிமாறிய பிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிடுவார் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

திரும்பும்போது டாக்டர் காரில் என்னிடம் சொன்னார்: "இந்த ஜில்லாவுக்கு வந்ததிலேர்ந்து இவ்வளவு மரியாதையா எங்கிட்ட யாரும் பேசினதில்ல. இவரையா பூட்டி வைக்கணுங்கறீங்க?"

அன்று மாலை பஸ் பிடித்து மறுபடியும் தோட்டத்துக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சத்தம் போட்டேன். அவர் என்னைவிட நிதானமாக இருந்தார்.

"அதுக்குன்னு ஒறம்பரை வந்த எடத்துல முள்ளும் அழுக்கு வேட்டியுமா நிறுத்தச் சொல்றியா கண்ணு? டாக்டரு நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

பைத்தியம் என்று நினைக்க வேண்டும் என்றுதானே அந்த விருந்தாளியைக் கூட்டி வந்தோம் என்று நான் சொன்னது அவர் மண்டையில் ஏறவே இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் சரிகை வேட்டியோடு கிணற்றின் மேல் முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாஜிஸ்திரேட் அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தாவிடம் இரண்டு சான்றையும் நீட்டினேன். அவர் அரசு டாக்டரின் சான்றைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நேர்ல கண்டது ஒண்ணாவது வேணும் சார். கேட்டதை வெச்சே அனுப்பலாம்னா, நாளைக்கு உங்களைப் பத்தி நாலு பேர் வந்து எங்கிட்ட சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

பரிசோதித்து ஏழு நாளுக்குள் மனு வந்தாக வேண்டும் என்றும் சொன்னார். அதாவது அரசு டாக்டரை மறுபடியும் அழைத்து வருவதற்குள் தனியார் டாக்டரின் சான்று காலாவதி. அவரிடமும் மறுபடி போக வேண்டும். ரயில் டிக்கெட் மாதிரி பைத்தியத்துக்கும் தேதி இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மனுவில் யார் கையெழுத்துப் போடுவது என்பது அடுத்த இழுபறி. பெரியப்பா மாட்டேன் என்றுவிட்டார். நங்கையாவிடம் கேட்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். கட்டினவனைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்தவள் என்ற பேர் அவளுக்கு எதற்கு என்றார். நான் போடலாம்தான், சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் பெரியப்பா, நீ போட்டால் இந்த வாசல் மிதிக்காதே என்றார். நான் தயங்கினேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அப்போது, அக்டோபர் 10ஆம் தேதி, ஆலை வாசலுக்கே வந்து நின்றார் பங்காளி.

"கையெழுத்துத்தான வேணும்? நானும் சொந்தந்தான? எங்க போடோணும்னு காட்டு தம்பி, போட்டுப்போடறேன்."

நான் ஒப்புக்கொண்டேன். கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாமல் அவர் பருத்தியும் காய்ந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். யார் மேல் அண்ணனுக்குச் சந்தேகமோ அவரே அண்ணனை அனுப்ப மனுப் போடுவது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். எனக்குக் காரியம் முடிய வேண்டியிருந்தது. மனைவி மனுக் கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். 'மனைவி எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று எழுதினேன். தேதி தவறாமல் எழுதுகிறவன் என்று பெருமைப்பட்டுக்கொண்ட நான், அரசாங்கத் தாளில் துணிந்து பொய் எழுதினேன்.

14ஆம் தேதி தோட்டத்துக்குப் போய், பெரியப்பா இல்லாத நேரம் பார்த்து, நங்கையாவிடம் மனுவைப் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். குழந்தை மடியில் துவண்டு கிடந்தது. அந்த வரி வந்தபோது கை காட்டி நிறுத்தினார்.

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு யாருங்க தம்பி சொன்னாங்க?"

நான்தான் எழுதினேன் என்றேன்.

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறேன். உங்கண்ணனுக்கு மார்க்கெட் சீட்டெல்லாம் நாந்தான படிச்சுச் சொல்றது." பிறகு யார் கையெழுத்து என்று கேட்டார். சொன்னேன். "பங்காளி கையெழுத்துல எங்கூட்டுக்காரரு போக வேண்டாமுங்க. போனா என்ற கையெழுத்துல போகட்டும். திரும்பி வந்து ஏண்டீன்னு கேட்டா, நாம் பதில் சொல்லிக்கறேன்."

பெரியப்பா சத்தம் போடுவாரே என்றேன். போடட்டும் என்றார். இத்தனை நாள் யாரும் நங்கையாவைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரச்சினை முழுவதும் அவர் தலையில் இருந்தது. பேச்சு முழுவதும் எங்கள் வாயில் இருந்தது.

அரசு டாக்டரை 16ஆம் தேதி அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. சொத்துள்ள ஆளை அனுப்ப உறவினர்கள் வருவது தனக்குப் புதிதல்ல, சொன்னதையெல்லாம் எழுதித் தர ஆள் தான் இல்லை என்றார். அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த மாதம் முழுவதும் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். சொல்லாமல் ஒரு நாள் வந்து பாருங்கள் என்று கேட்டேன். நீங்களும் அங்கே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். நங்கையாவிடம்கூட நான் சொல்லவில்லை.

அக்டோபர் 21, ஞாயிறு, மதியம் இரண்டு மணி. எல்லையில் சண்டை தொடங்கிவிட்ட செய்தி அன்றைய பேப்பரில். காரில் டாக்டர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பெரியப்பா அவிநாசிக்குப் போயிருந்தார். இம்முறை கிணற்றின் மேல் முள் இருந்தது. அண்ணன் இரண்டு வாரத் தாடியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் எழுந்து கும்பிட்டார், வாங்க என்றார்.

நங்கையா சத்தம் கேட்டு வெளியே வந்தார். கார், டாக்டர், நான். யோசிக்க நேரமில்லை. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. உள்ளே போய், விடியலில் இறைத்து ஒளித்துவைத்திருந்த தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் வாங்கினார்.

அண்ணன் இரண்டே எட்டில் வந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் உயரவில்லை.

"ஏனுங் டாக்டரு, அதக் குடிக்காதீங்க. உங்க ஊட்லயும் புள்ளைங்க இருக்குமல்லங்க."

டாக்டர் கையை இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. இது நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிப் பார்த்தார். அண்ணன் மற்றக் கையால் சொம்பை வாங்கித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார், ஊற்றிய இடத்தில் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். பிறகு நங்கையாவின் பக்கம் திரும்பி, ஒறம்பரையக் கொல்லறதுக்குமா துணிஞ்சுட்டே என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். டாக்டரின் கையை மட்டும் விடவில்லை. யாரையும் நம்பாதீர்கள், இங்கே காக்காய்கூடச் சொல்கிறது என்று ஆரம்பித்து, ஐந்து வாரமாக எங்களிடம் சொன்னதையெல்லாம் டாக்டரிடம் 'ங்க' போட்டுச் சொல்லி முடித்தார். பிறகுதான் விட்டார். மணிக்கட்டில் விரல் பதிந்திருந்தது.

டாக்டர் உள்ளே போய்க் குழந்தையையும் பார்த்தார். மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு காரில் உட்கார்ந்து 'நேரில் கண்டவை' என்ற இடத்தில் ஒன்பது வரி எழுதினார். நான் மூன்று வாரமாக அலைந்து தேடிய ஒன்பது வரி. ஓர் ஆளை விஷத்திலிருந்து காப்பாற்ற அண்ணன் ஓடி வந்ததுதான் அதில் எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

22ஆம் தேதி தனியார் டாக்டரின் புதுச் சான்று. 24ஆம் தேதி மனு. நங்கையா தமிழில், எழுத்து எழுத்தாக, தன் பெயரை எழுதினார். தலைமைக் குமாஸ்தா மை ஒற்றிக் கொடுத்தார். 25ஆம் தேதி மாஜிஸ்திரேட் அண்ணனை நேரில் பார்த்துப் பேசி ஆணை போட்டார். 'நோம்பி கழிச்சு அனுப்பிக்கலாம்' என்று பெரியப்பா கடைசி முறையாக முட்டுக்கட்டை போட்டார். தீபாவளிக்கு இரண்டே நாள்தான் இருந்தது. மாமனாரை எதிர்த்து நங்கையா பேசி நான் கேட்டது அது ஒரே தடவைதான்.

"நோம்பிக்கு எண்ணெ தேச்சுத் தண்ணி வாக்கோணுமல்லங்க மாமா. எந்தத் தண்ணியில வாக்கறது?"

26ஆம் தேதி மப்டியில் ஒரு போலீஸ்காரர், நான், அண்ணன், மூவரும் பட்டணத்துக்கு ரயிலேறினோம். ஈரோட்டு ஜங்ஷனில் ரயில் நின்றதும் அண்ணன் இறங்கிக் குழாயடியில் இரண்டு சொம்புத் தண்ணீர் மடக்மடக்கென்று குடித்தார். நல்ல தண்ணி என்றார். எனக்கு அந்த நிமிஷம் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு அவரை ஊருக்குத் திருப்பிக் கூட்டிப்போகலாமா என்றிருந்தது. பிறகு அவர், அந்தப் போலீஸ்காரரும் பங்காளியின் ஆள்தான் என்று என் காதில் சொன்னார். உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் 1963 ஏப்ரல் இரண்டாம் வாரம் திரும்பி வந்தார். உடம்பு பெருத்திருந்தது, விரல் கொஞ்சம் நடுங்கியது, பேச்சு மெதுவாகியிருந்தது. தூங்கினார். சாப்பிட்டார். நங்கையாவிடம் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. குழந்தை தேறி ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி போனபோது, கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை என் முன்னால் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"காக்காய்ச் சங்கதியெல்லாம் என்ற தலையில வந்தது. அது எனக்கே தெரியுது தம்பி," என்றார். பிறகு, கோபமில்லாமல்: "அந்தத் தண்ணிய யாராச்சும் டெஸ்ட் பண்ணுனீங்களா?"

"இல்லீங்ண்ணா."

அவர் தலையாட்டினார்.

இரண்டு டாக்டர்கள், ஒரு மாஜிஸ்திரேட், ஒரு போலீஸ்காரர், நங்கையா, பெரியப்பா, சட்டப் புத்தகம் படித்த நான். எத்தனையோ தாள் எழுதினோம். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கோயம்புத்தூருக்குச் சோதனைக்கு எடுத்துப்போக ஒருவருக்கும் தோன்றவில்லை. வாரம் ஒருமுறை அங்கிருந்து பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தவன் நான். அவருக்கு நோய் இருந்தது. அவரை அனுப்பியது சரி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் முதல் நாள் சொன்ன அந்த ஒன்றையும் காக்காயோடு சேர்த்து நோய்க் கணக்கில் எழுதிவிட்டோம்.

அதன் பிறகு விசாரித்தேன். 1963 மே மாதம் பங்காளியிடமே கேட்டேன். மிஷினைத் தன் தோட்டத்து வாய்க்காலில்தான் கழுவியதாகச் சொன்னார், கேட்டதற்கு வருத்தப்பட்டார். அவரிடம் மருந்தடித்த ஆளை 1964 பொங்கலுக்குப் பின் பிடித்தேன். ஒரு நாள் கிணற்றடித் தொட்டியில் கழுவினேன் என்றார். எந்த மாதம் என்று கேட்டதற்கு, போன வருஷமாகவும் இருக்கலாம் என்றார். தொட்டியில் விரிசல் இருந்ததா என்று பெரியப்பாவைக் கேட்டேன். இருந்தது, எப்போது பூசினோம் என்று நினைவில்லை என்றார். 1966 கோடையில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பழைய தொட்டியை இடித்துவிட்டார்கள்.

1962 செப்டம்பர் 16க்கு முந்திய வாரத்தில் அந்தத் தொட்டியில் மருந்து மிஷின் கழுவப்பட்டதா, கழுவியிருந்தால் அது கிணற்றில் இறங்கியதா என்பது இதை எழுதும் வரை எனக்கு உறுதியாகத் தெரியாது. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'சரிபார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.